சிவப்பு மார்க்கரில் உன் பெயர்

என் மகனுக்கு, கோபத்தோடும், சாப்பிட்டாயா என்ற விசாரிப்போடும்,

மன்னிப்பு கேட்டு எழுதியிருக்கிறேன் என்று நினைத்து இந்தக் கவரைப் பிரித்திருந்தால் அப்படியே மடித்து உள்ளே வைத்துவிடு. அது இதில் இல்லை. நேற்று மத்தியானம் கவிதா போன் செய்தாள். புருஷனுக்கும் மாமியாருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு பாவம், அந்தப் பெண் படுகிற பாடு! "அத்தை, அவர் ஒண்ணும் பெருசா கேக்கல. கடையில எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்தை சாரி சொல்லிட்டீங்கன்னா நாளைக்கே வந்துடறேங்கறார். இல்லன்னா பெங்களூருக்கே திரும்பிப் போயிடுவேங்கறார்" என்றாள். நீ பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தது எனக்குக் கேட்டது. உங்கள் கொட்டிவாக்கத்து வீட்டுக் கடற்காற்று இரைச்சலுக்கு நடுவிலும் உன் குரல் எனக்குத் தெரியாதா? "நீ சாப்பிட்டியாம்மா" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அவளுக்கு எதற்குப் பதில் சொல்ல வேண்டும்? கேட்டவன் நீ. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பாதி படித்துவிட்டு ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் காகிதத்தில் எழுதி டிரைவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். உட்கார்ந்து படி.

நடந்ததை முதலில் நானே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் மாற்றிச் சொல்ல வேண்டாம். செவ்வாய்க்கிழமை காலை, ஷட்டர் தூக்குவதற்கு முன்னால், மேல்மாடியில் எல்லாரும் சாப்பிடுகிற அறையில் மீட்டிங் வைத்தாய். வேலையை விட்டுவிட்டு நீ பெங்களூரிலிருந்து வந்த புதிதில் மாட்டிய வெள்ளைப் போர்டு அங்கேதான் இருக்கிறது. பட்டு, காட்டன் புடவை, சுடிதார், வேட்டி சட்டை, குழந்தைகள் என்று மாடிக்கு ஒரு பிரிவாக நம் ஐந்து பிரிவும் அதில் இருக்கும். பக்கத்தில் சூப்பர்வைசர் பெயர், அந்த மாத டார்கெட். எட்டினால் பச்சை மார்க்கர், எட்டாவிட்டால் சிவப்பு. தொடர்ந்து மூன்று மாதம் சிவப்பு வாங்கினால் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது நீ போட்ட சட்டம். பட்டுப் பிரிவு முருகேசனுக்குப் பச்சை. எல்லாரையும் கைதட்டச் சொன்னாய், தட்டினோம். காட்டன் புடவை ரோஸிக்கு மூன்றாவது தடவையாகச் சிவப்பு. அவளை எழுந்து நிற்கச் சொன்னாய். தட்டை எடுத்துக்கொண்டு சாப்பிட உட்காருகிற அதே இடத்தில், அவளிடம் வேலை பார்க்கிற பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் நின்றாள்.

"ஏன் இந்த மாசமும் ரெட்? ரீசன் சொல்லுங்க" என்றாய்.

"இன்னா சார் ரீசன்? என் செக்‌ஷன் பொண்ணுங்க ரெண்டு பேரும் கல்யாணப் பார்ட்டிங்க கூட போய்க்கினே இருந்தா, இங்க யாரு சார் புடவை காட்டுவா?"

"உங்க செக்‌ஷனை விட்டுட்டு அவங்க எதுக்குப் போகணும்?"

"பின்ன? வர்றவங்கள அம்போன்னு உட்ற சொல்றியா?"

அவள் உன்னை ஒருமையில் பேசியதுதான் உனக்குச் சுட்டது என்று நினைக்கிறேன். பட்டினப்பாக்கத்துப் பேச்சு அது. கோபம் வந்தால் அவள் என்னையும் அப்படித்தான் பேசுவாள். "எக்ஸ்க்யூஸ் எல்லாம் வேணாம். நாளையிலேர்ந்து நீங்க வர வேணாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போனாய். அப்போதுதான் நான் எழுந்தேன். முட்டி வலியோடு எழுந்து வந்து, உன் கையிலிருந்த சிவப்பு மார்க்கரை வாங்கி, போர்டின் உச்சியில், ஐந்து பிரிவுக்கும் மேலே, உன் பெயரை எழுதினேன். "இந்த மாசம் தோத்த மொத ஆளு இவன். இவன் பதில் சொன்னப்புறம் ரோஸி சொல்லுவா. அவ நாளைக்கும் வருவா" என்றேன். நீ கடைச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனாய். இவ்வளவுதான் நடந்தது. இன்னொரு தடவை அதே அறை, அதே மீட்டிங் என்றால் அதையேதான் செய்வேன். ஒருவேளை இன்னும் பெரிய எழுத்தில் எழுதுவேன்.

"தனியா கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே" என்று கவிதா கேட்டாள், அதுவும் நீ சொல்லிக்கொடுத்ததுதான். தனியாகச் சொன்னேனா இல்லையா? ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில், உனக்கு ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னேன். "கூடப்போற ஆளு இல்லாம கல்யாணப் பார்ட்டி திரும்பிப் போவுது ராசா, அந்த போர்டைக் கொஞ்சம் பாரு" என்றேன். நீ போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அம்மா, பட்டு க்ரீன்ல இருக்கு. டேட்டா உனக்குப் புரியாது" என்றாய். சரி, எனக்குப் புரியாது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அவளை நீ தனியாகக் கூப்பிட்டா கேட்டாய்? அவளுக்கு எல்லார் முன்னாலும், உனக்கு மட்டும் கதவைச் சாத்திக்கொண்டா? அந்த நியாயம் எனக்குப் பிடிபடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ காதில் போட்டுக்கொள்ளாததை இப்போது முழுசாகச் சொல்கிறேன், கேள். அதற்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை, அபிராமபுரத்திலிருந்து ஒரு கல்யாணக் குடும்பம் வந்தது. நம் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறவர்கள். அந்த வீட்டு மாமிக்குக் கல்யாணப் புடவை விற்றவர் உன் தாத்தா. மாமியின் மகளுக்கு விற்றவள் நான். இப்போது பேத்திக்குத் தை மாதம் முகூர்த்தம். இரண்டு வண்டி நிறைய ஆட்கள். வாசலில் நின்று நானே குங்குமம் கொடுத்து முதல் மாடிக்கு அனுப்பினேன். இரண்டு பக்கத்து உறவுக்கும் சேர்த்து, நாள் முழுக்க உட்கார்ந்து, ஐந்து மாடியும் ஏறி எடுக்கிற குடும்பம் அது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்க்கிறேன், மொத்தக் கும்பலும் வாசலுக்கு வந்துகொண்டிருக்கிறது. மாமி கையில் ஒரே ஒரு பை.

"என்ன மாமி, அதுக்குள்ள கெளம்பிட்டீங்க?" என்றேன்.

"என்னத்தைச் சொல்றது போங்கோ. முகூர்த்தப் புடவை மட்டும் எடுத்துண்டோம். மேல போனா ஒருத்தரும் ஏன்னு கேக்கலை. முன்னெல்லாம் ஒரு பொண்ணு கூடவே வருவாளே, அவளைக் காணோமே? சம்பந்தியாத்துக்குப் புடவை, மாப்பிள்ளைக்கு வேஷ்டி, எல்லாம் எதிர்த்தாப்ல பாத்துண்டு போயிடறோம். தப்பா நெனச்சுக்காதீங்கோ."

நான் என்னத்தை நினைத்துக்கொள்வது? அவர்கள் ரோட்டைக் கடந்து எதிர்க்கடைக்குள் நுழைவதையும், அங்கே வாசலில் ஒருவர் ஓடிவந்து அவர்களோடு வந்த வயசான தாத்தாவின் கையைப் பிடித்து ஏற்றிக்கொள்வதையும் பார்த்துக்கொண்டே நின்றேன். கல்யாணக் குடும்பம் எந்தப் பிரிவில் முதல் புடவையைப் பிரிக்கச் சொல்கிறதோ, அந்தப் பிரிவிலிருந்து ஒரு ஆள் கடைசிக் கைக்குட்டை வாங்குகிறவரைக்கும் அவர்களோடு போக வேண்டும். நம் கடை தொடங்கிய நாளிலிருந்து அதுதான் வழக்கம். மாடிக்கு மாடி பையைத் தூக்கிக்கொண்டு, முகூர்த்தப் புடவையின் கலரை நினைவில் வைத்துக்கொண்டு, கால் வலிக்கிற பெரியவருக்கு நாற்காலி போட்டு, கோபித்துக்கொண்ட நாத்தனாருக்கு இன்னும் நாலு புடவை எடுத்துக் காட்டி, அவர்கள் வண்டியில் ஏறுகிறவரைக்கும் கூடவே இருக்கிற வேலை. நீயும் பார்த்து வளர்ந்ததுதானே இது? எத்தனை பெரிய கடைகள் சுற்றிலும் வந்தும் நம்மைத் தேடி வந்தவர்கள் அதற்காகத்தான் வந்தார்கள்.

அன்றைக்கே முருகேசனைக் கூப்பிட்டு, ஏன் ஆள் அனுப்பவில்லை என்று கேட்டேன். மறைக்காமல் சொன்னான். "அம்மா, பொய் சொல்ல மாட்டேன். ஆளை அவங்க கூட அனுப்புனா பொழுது சாயுற வரைக்கும் இங்க ஒரு கை கொறையும். அவன் மேல போய்ப் போடுற பில்லெல்லாம் சுடிதாருக்கும் வேட்டிக்கும் போகும். போர்டுல செவப்பாவுறது யாரு, நான்தானம்மா?" என்றான். அவனை நான் திட்டவில்லை. பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவன், வேலையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டாமா? உன் போர்டு என்ன சொல்கிறதோ அதை அவன் சரியாகச் செய்திருக்கிறான். இனி நீயே யோசித்துப் பார். ஒரு பெரிய குடும்பத்தை எதிர்க்கடைக்கு அனுப்பியவனுக்குப் பச்சை போட்டுக் கைதட்டினோம். வந்தவர்களோடு ஆள் அனுப்பியவளுக்குச் சிவப்பு போட்டு வீட்டுக்குப் போகச் சொன்னாய். கடையை ஐந்து துண்டாக வெட்டி, துண்டுக்கு ஒரு ஆளைப் பொறுப்பாக்கினாய். முழுக் கடைக்கும் யார் பொறுப்பு என்று நீ போர்டில் எழுதவில்லை. அந்த இடம் காலியாக இருந்தது, நான் எழுதினேன்.

ரோஸி அன்றைக்கு எங்கே போனாள் என்று கேட்பாய். அவள் பெண்கள் இருவரும் வேறு இரண்டு குடும்பங்களோடு போயிருந்தார்கள். அவள் நாலாவது மாடியில் இன்னொரு கும்பலுக்கு வேட்டி எடுத்துக்கொண்டிருந்தாள். இதனால் அவளைப் பெரிய தியாகி என்று நான் சொல்லவில்லை. அவளை எனக்குத் தெரியாதா? காலையில் நேரத்துக்கு வர மாட்டாள். மாதா கோயில் திருவிழா என்றால் சொல்லாமல் கொள்ளாமல் பாதி நாள் காணாமல்போவாள். புடவையைக் குறை சொன்ன கஸ்டமரிடம், "கட்டிப் பாத்துட்டு சொல்லுக்கா, கட்டாமயே சொன்னா எப்டி?" என்று சண்டைக்கு நின்றவள். "ஏண்டி, ஒன் டார்கெட் போகுதுன்னு தெரிஞ்சும் எதுக்குக் கூடப் போறே?" என்று கேட்டால் அவள் சொன்ன பதில் என்ன தெரியுமா? "ஒரே எடத்துல நின்னுக்கினு புடவை மடிச்சா காலு வலிக்குதும்மா. கல்யாணக் கும்பல்னா ஜாலியா கீது. காபி வாங்கித் தருவாங்க, மாப்ள வூட்டு சண்டையெல்லாம் காதுல வுழும்." இவ்வளவுதான் அவளுடைய கொள்கை! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன்.

அவள் பங்குக்கு அவளும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும், அதை நான் விடவில்லை. மூன்று மாதமும் நீ கேட்டபோதெல்லாம் "பாத்துக்கலாம் சார், பாத்துக்கலாம் சார்" என்றே ஓட்டியிருக்கிறாள். ஆள் போதவில்லை என்று ஒரு வார்த்தை உன்னிடம் சொல்லவில்லை. நீ போன அன்று சாயங்காலம் உட்கார வைத்துக் கேட்டேன். முதலில் கத்தினாள், பிறகு அழுதாள், கடைசியில் "ஆமாம்மா, சொல்லியிருக்கணும். அவரு மூஞ்சப் பாத்தா பயமா கீது" என்றாள். கடலோரத்தில் பிறந்து வளர்ந்து, ஊரையே வாயால் அடக்குகிற ரோஸிக்கு உன் முகத்தைப் பார்த்தால் பயமாம்! கணக்குக் கேட்கிறவன் முகத்தைப் பார்த்து ஆட்கள் பயந்தால் அவர்கள் உண்மையைச் சொல்ல மாட்டார்கள், உனக்குப் பிடித்ததைத்தான் சொல்வார்கள். பிறகு அந்த டேட்டாவை வைத்துக்கொண்டு நீ என்ன செய்வாய்? மாசம் முடிகிறவரை காத்திருக்காமல் முதல் வாரத்திலேயே வந்து சொல்ல வேண்டும், கத்தியாவது சொல்ல வேண்டும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். கத்துவாள், தயாராக இரு.

டார்கெட்டே கூடாது என்று நான் அடம்பிடிப்பதாகக் கவிதாவிடம் சொல்லியிருக்கிறாயாம். நல்ல கதையாக இருக்கிறதே! டார்கெட் இல்லாமலா இந்தக் கடை இத்தனை வருஷம் நடந்தது? உன் தாத்தா எனக்கு வைத்த இலக்கைப் போல உன் போர்டில் ஒன்றாவது இருக்கிறதா? கல்யாணமான புதிதில் மேல் மாடிகளை என் பொறுப்பில் விட்டார். தினமும் கடை சாத்துகிறபோது, "ஏட்டி, இன்னைக்கு யாரு வெறுங்கையோட போனா?" என்று கேட்பார். எவ்வளவு விற்றது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். யார் போனார்கள், எதைத் தேடினார்கள், ஏன் கிடைக்கவில்லை என்று நான் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் வாங்கிக் கட்டிக்கொள்வேன். கவுண்டரில் நிற்கிற பெண்ணைக் கூப்பிட்டு ஒருநாளும் கேட்டதில்லை. மாடி என் பொறுப்பு, அதனால் கேள்வியும் எனக்கு.

அதற்காக அவர் நியாயவான் என்று நினைத்துவிடாதே. ஒரு தீபாவளிக் கூட்டத்தில் பழைய லிஃப்ட் நடுவில் நின்று, ஒரு குடும்பம் உள்ளேயே மாட்டிக்கொண்டது. வெளியே வந்ததும் நம்மைத் திட்டிவிட்டுப் போய்விட்டார்கள். என் அப்பா எல்லா ஊழியர்களுக்கும் முன்னால் என்னை நிற்க வைத்து, "மாடிய ஒன்னை நம்பி விட்டா இதுதான் லெட்சணமா?" என்று சத்தம் போட்டார். நான் சும்மா இருந்தேனா? "மாடி என் பொறுப்பு. லிஃப்ட் யாரு வாங்குனது? மலிவா கெடைக்குதுன்னு யாரு வாங்குனது?" என்று கேட்டேன். ஒரு வாரம் அவர் என்னோடு பேசவில்லை. நான் அவரிடம் மன்னிப்பு கேட்கவில்லை, அவரும் என்னிடம் கேட்கவில்லை. அடுத்த வாரம் கம்பெனி ஆட்கள் வந்து அளவெடுத்துக்கொண்டு போனார்கள், பொங்கலுக்குள் புது லிஃப்ட் வந்தது. நம் வீட்டில் மன்னிப்பு கேட்கிற பழக்கம் இல்லை, தப்பாக இருப்பதை மாற்றுகிற பழக்கம் உண்டு. உன்னிடமும் எனக்கு அதுதான் வேண்டும். சாரி உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்.

நீ இந்த டார்கெட்டுகளை எப்படிப் போட்டாய் என்று நினைத்துப் பார். லேப்டாப்பைத் திறந்து, போன வருஷத்து எண்ணை எடுத்து, எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் கூட்டி வைத்தாய். ரோஸியிடம் உட்கார்ந்து, உன்னால் எவ்வளவு முடியும், எத்தனை பெண்கள் வேண்டும், எது குறுக்கே வரும் என்று கேட்டாயா? அவளிடமிருந்து ஒரு பெண்ணை எடுத்து ஆன்லைன் பேக்கிங்கில் போட்டாயே, அதற்காக அவள் இலக்கைக் குறைத்தாயா? இல்லை. மாதத்தின் நடுவில் ஒருநாள் அவள் மாடியில் போய் நின்று பார்த்தாயா? அதுவும் இல்லை. மாதம் முடிந்ததும் மார்க்கரோடு வந்தாய். வேண்டியதைக் கொடுக்காமல், வழியில் எட்டிப் பார்க்காமல், கடைசியில் வந்து கணக்கு மட்டும் கேட்கிற வேலைக்கு மேனேஜர் எதற்கு? ஒரு எலக்ட்ரானிக் போர்டை மாட்டிவிட்டால் அது செய்யும், சாப்பாடும் கேட்காது.

இனி சொல்லப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன். நீ பெங்களூரில் இருந்தபோது ஒருநாள் மத்தியானம் போன் செய்தாய். நான் கஸ்டமர் கூட்டத்துக்கு நடுவில் இருந்தேன். உன் குரலைக் கேட்டதும் புடவைக் கட்டுகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். "டீம்ல பாதி ஆளை எடுத்துட்டாங்கம்மா. டார்கெட்டை மட்டும் கொறைக்கல. மீட்டிங்ல என்னை நிக்க வெச்சு ஏன் முடியலன்னு கேட்டாங்க. ஆள் குடுக்கலன்னு அங்க இருந்த எல்லாருக்கும் தெரியும். ஒருத்தன்கூட வாயைத் திறக்கலம்மா" என்று சொல்லி அழுதாய். அந்த மீட்டிங்கில் நான் மட்டும் இருந்திருந்தால் என்று எத்தனை நாள் பொருமியிருக்கிறேன் தெரியுமா? செவ்வாய்க்கிழமை அதே மாதிரி மீட்டிங் நடந்தது, நான் அங்கே இருந்தேன், வாயைத் திறந்தேன். நிற்க வைத்தவன் இந்தத் தடவை நீயாக இருந்தாய், அவ்வளவுதான் வித்தியாசம். நீ என் மகன் என்பதற்காக மற்றவர்களைப் போல நானும் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமா? மாட்டேன்.

பெங்களூருக்குப் போகிறேன் என்று பயமுறுத்துகிறாய். போ. நீ போனால் எனக்குச் சோறு இறங்காது, அது உண்மை. தை முதல் தேதி என்னிடம் இருக்கிற சாவியையும் உன் கையில் கொடுத்துவிட்டு, காலை நீட்டிப்போட்டு உட்காரலாம் என்று ஆசையாக இருந்தேன், அதுவும் உண்மை. ஆனால் நீ போய்விடுவாய் என்ற பயத்தில் ரோஸியை அனுப்பிவிட்டு, எல்லார் முன்னாலும் கைகூப்பி நிற்கிற அம்மா வேண்டுமென்றால் நீ வேறு வீட்டில் பிறந்திருக்க வேண்டும். உன் அப்பாவிடம் சொன்னேன். பேங்கில் முப்பது வருஷம் மேனேஜர்களுக்குக் கீழே குப்பை கொட்டியவர் இல்லையா, பேப்பரைத் தாழ்த்தாமலே, "ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே திமிரு. என்னை இழுக்காதீங்க" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, "ஆனா எங்க பேங்க்ல யாராவது ஒரு தடவை அந்த மார்க்கரை வாங்கி எழுதியிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் பேப்பருக்குள் போய்விட்டார். அவர் என் பக்கம் பேசியதாக நான் எடுத்துக்கொண்டேன். நீ வேண்டுமானால் அவரிடமே கேட்டுப் பார்.

நீ படியிறங்கிப் போன பிறகு அந்த அறையில் நடந்தது உனக்குத் தெரியாது. யாரும் உனக்குப் போன் செய்து சொல்லியிருக்கவும் மாட்டார்கள், இரண்டு பக்கமும் பயந்து கிடக்கிறார்கள். முருகேசன் டஸ்டரை எடுத்துக்கொண்டு வந்து, "அம்மா, தம்பி பேரை அழிச்சிரட்டுமா? பாக்கவே கஷ்டமா இருக்கு" என்றான். "தொடாதே" என்றேன். உன் சாவி மேஜைமேல் கிடந்தது. அந்தப் போர்டை நீ மாட்டிய அன்றைக்கு நல்ல நாள் பார்த்துச் சாமி கும்பிட்டு ஆணி அடிக்கச் சொன்னது யார்? உன்னைக் கொண்டுவந்து அந்த நாற்காலியில் உட்கார வைத்தது யார்? மார்க்கர் இன்னும் என் கையில்தான் இருந்தது. உன் பெயருக்கு மேலே கொஞ்சம் இடம் இருந்தது, அங்கே என் பெயரை எழுதினேன். அதே சிவப்பில். எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். ரோஸிதான், கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அய்ய, இன்னாம்மா இது? இப்ப சார் வந்தா நம்ம மூணு பேரையும் ஒண்ணா வூட்டுக்கு அனுப்பிடுவாரே!" என்றாள். அந்த அறையே சிரித்தது. போர்டு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. என் பெயர், உன் பெயர், பிறகுதான் அவர்கள் பெயர்கள். என் பெயர், உன் பெயர், ரோஸி பெயர் மூன்றில் எதை எப்படி அழிக்க வேண்டும் என்று நீ வந்து முடிவு செய். போர்டையே கழற்றிவிட்டு வேறு மாதிரி மாட்ட வேண்டும் என்று தோன்றினால் அதையும் செய், ஆணியைப் பிடித்துக்கொள்ள நான் வருகிறேன்.

இன்னொன்று. நேற்று சாயங்காலம் அபிராமபுரத்து மாமி வீட்டுக்கு நடந்தே போனேன். எதிர்க்கடையில் சம்பந்தி வீட்டுப் புடவை எதுவும் பிடிக்கவில்லையாம், இன்னும் எடுக்கவில்லை. வேட்டியும் பாக்கி, குழந்தைகளுக்கும் பாக்கி. இந்த வெள்ளிக்கிழமை திரும்ப வாருங்கள் என்று கேட்டேன். மாமி காபி கொடுத்தார். கடைசியில், "வரோம். ஆனா போன தடவை மாதிரி அலைய விட்டுடாதீங்கோ. கூட யாரு வரா, அதைச் சொல்லுங்கோ" என்றார். ரோஸி வருவாள் என்று சொல்லியிருக்கலாம், அவள் காபிக்கு ஆசைப்பட்டு ஓடி வருவாள். முருகேசன் வருவான் என்றும் சொல்லியிருக்கலாம்.

"என் பையன் வருவான்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன். கோபப்பட வேண்டுமானால் அதற்கும் சேர்த்துப் பட்டுக்கொள். காலை ஷட்டர் தூக்குகிற நேரத்துக்கு அவர்கள் வாசலில் இருப்பார்கள். நீ வராவிட்டால், வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் லிஃப்டில் இடம் கிடைக்காது, இந்த முட்டியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி, கடைசிக் கைக்குட்டை வரைக்கும் நானே அவர்களோடு போவேன். மன்னிப்பு மட்டும் கேட்க மாட்டேன்.

உன் அம்மா